சாயங்கால எம்.ஏ.

“எதுக்கு?” என்று மச்சான் கேட்ட பிறகுதான், அதற்கு ஒரு காரணமும் வேண்டும் என்பது லேபிளுக்கு உறைத்தது.

அதுவரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மச்சான் வழக்கம்போல ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, “கிளம்பலாமா அத்தான்?” என்றார். லேபிள் சோபாவை விட்டு எழாமலே, “இன்னிக்கு வரேன். ஆனா அடுத்த மாசத்திலிருந்து சாயங்காலம் நடக்க வர முடியாது. கிளாஸ் இருக்கு” என்றார்.

“என்ன கிளாஸ்?”

“எம்.ஏ. பொருளாதாரம். மாலை நேர வகுப்பு.”

அன்று காலை பேருந்து சிக்னலில் நின்றபோது ஒரு கல்லூரிச் சுவரில் அந்த வகுப்பின் அறிவிப்புப் பலகையைப் பார்த்திருந்தார். மாலை ஆறு முதல் எட்டு வரை என்று போட்டிருந்தது. மச்சான் நடக்கக் கூப்பிடும் நேரமும் அதுதான். பலகையில் தையல் வகுப்பு என்று இருந்திருந்தால், லேபிள் தையல் படிக்கப் போவதாகச் சொல்லியிருப்பார்.

“அதான் எதுக்குன்னு கேட்கிறேன்” என்றார் மச்சான்.

“பிரமோஷனுக்கு.”

வாயில் முதலில் வந்தது அதுதான். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். தலை பாதி நரைத்த மனுஷனுக்கு இந்த வயதில் என்ன படிப்பு என்று அவள் பிடித்துக்கொள்வாள் என எதிர்பார்த்து லேபிள் தயாராக இருந்தார்.

“நல்ல விஷயம்தானே, சேருங்க” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

லேபிள் என்பது அவருடைய பெயர் அல்ல. குளிர்பதனப் பெட்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனியில் அவர் கிடங்குப் பொறுப்பாளர். அங்கே திருகாணி முதல் ஏணி வரை எல்லாவற்றிலும் அது என்ன என்று எழுதி ஒட்டியிருப்பார். ஏணியில் ‘ஏணி’ என்று ஒட்டிய நாளில் கம்பெனி அவருக்கு இந்தப் பெயரைச் சூட்டியது.

ஐந்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்ததும் சும்மா இருக்க மாட்டார். உப்பு டப்பாவில் ‘உப்பு’ என்றும் அதன் மூடியில் ‘உடனே மூடவும்’ என்றும் ஒட்டுவார். ஃபிரிட்ஜைத் திறந்து காய்களை வாங்கிய தேதிப்படி அடுக்குவார். மனைவி சமைத்துக்கொண்டிருந்தால் பின்னால் நின்று, “இந்தக் கரண்டியை அந்தப் பக்கம் மாட்டினா கை இவ்வளவு தூரம் போக வேண்டாம் பாரு” என்பார்.

“சாயங்காலம் எங்கேயாவது போய் நாலு மனுஷங்களைப் பார்த்துட்டு வாங்களேன்” என்பாள் மனைவி.

“அப்புறம் வீட்டை யார் பார்த்துக்கிறது?” என்று கேட்பார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் மனைவியின் தம்பி ஒரு வாரம் தங்குவதாகச் சொல்லி வந்து சேர்ந்தார். வாரம் முடிந்தது. அவர் கிளம்பவில்லை. தண்ணீர் மோட்டார் விற்பவர். வெளியூரில் தனிக் கடை. கடையை ஆள் பார்த்துக்கொள்கிறான் என்றார். அத்தானுக்கு உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்றார். நடந்தார்கள். மச்சான் மோட்டாரைப் பற்றிப் பேசினார். மோட்டார் ஏன் சூடாகிறது, சூடானால் என்ன சத்தம் வரும் என்று சொல்லி, அந்தச் சத்தத்தையும் பூங்காவில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி போட்டுக் காட்டினார். நடப்பது கால்தான் என்றாலும் லேபிளுக்குக் களைத்துப்போவது காது.

ஆகவே பொருளாதாரம். உண்மையில் சேரும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. தினமும் ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, நூலக வாசிப்பறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். மச்சான் என்றைக்காவது ஊருக்குப் போவார். அன்றைக்குப் படிப்பு பிடிக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடலாம்.

மறுநாள் வீடு திரும்பியபோது மேசைமேல் விண்ணப்பப் படிவம் இருந்தது.

“நானே போய் வாங்கிட்டு வந்துட்டேன் அத்தான். உங்களுக்கு எங்க நேரம்?” என்றார் மச்சான். “கையெழுத்து மட்டும் போடுங்க. காலையில நானே கொடுத்துடறேன்.”

மனைவி, மகள், மச்சான் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கையெழுத்துப் போடாமல் இருப்பது எப்படி என்று லேபிளுக்குத் தெரியவில்லை. போட்டார்.

மனைவி இந்தச் செய்தியை மாடி வீட்டு அம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மாவின் மகன் லேபிளின் கம்பெனியில்தான் விற்பனைப் பிரிவில் இருந்தான். அவ்வளவுதான், மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

“உட்காருங்க லேபிள். பிரமோஷனுக்காகப் படிக்கிறீங்களாமே?”

“ஆமா சார்… இல்ல சார்.”

“இந்தக் கம்பெனியில உங்களுக்கு மேல இருக்கிறது நான் ஒருத்தன். எனக்கு மேல முதலாளி. பிரமோஷன்னா எந்த நாற்காலி? எனக்குப் புரியல, அதான் கேட்கிறேன்.”

இதை லேபிள் யோசித்திருக்கவே இல்லை.

“ஐயோ சார், அது வீட்டுல சும்மா சொன்னது. உண்மையில எனக்கு நாட்டு நடப்பைப் புரிஞ்சுக்கணும்னு ஒரு ஆசை. விலை ஏன் ஏறுது, ஏன் இறங்குது… ரொம்ப நாளா மனசுல இருந்தது.”

மேனேஜரின் முகம் தெளிந்தது. பிறகு அதில் ஆர்வம் தோன்றியது. முன்பிருந்த சந்தேகமே தேவலை என்று லேபிளுக்குப் பட்டது.

“விலை பத்தியா? அடடா! நம்ம கம்பெனிக்கு இந்த மாதிரி ஆள்தானே வேணும்? நாளைக்கு முதலாளி மீட்டிங்குக்கு நீங்களும் வந்துடுங்க.”

முதலாளி எதையும் பாதிதான் கேட்பார். கேட்ட பாதியை வைத்துக்கொண்டே கம்பெனியை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தார்.

“பொருளாதாரம் படிக்கிறவர் நீங்கதானா? சரி, சொல்லுங்க, காப்பர் குழாய் விலை என்ன ஆகும்?”

படிவத்தில் கையெழுத்துப் போட்டதைத் தவிர லேபிள் பொருளாதாரத்துக்கென்று வேறொன்றும் செய்திருக்கவில்லை. “அது வந்து சார்… ஏறும், ஆனா இறங்கவும்…”

“ஏறும்ங்கிறார். வாங்கிப் போடுங்க” என்று சொல்லிவிட்டு முதலாளி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த சில நாட்களில் லாரி லாரியாகக் காப்பர் குழாய் வந்து இறங்கியது. அலமாரிகள் நிறைந்தன, அலமாரிகளுக்கு நடுவே இருந்த வழிகள் நிறைந்தன. கடைசியில் லேபிளின் மேசை இருந்த மூலையும் நிறைந்தது. மேசையை வாசலுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் போட்டுக்கொண்டார். திருகாணி கேட்டு யாராவது வந்தால் குழாய்க்கட்டுகளின் மேல் தவழ்ந்து போய் எடுத்துவர வேண்டியிருந்தது.

மேனேஜர் ஒருநாள் வந்து, உள்ளே நுழைய முடியாமல் வெளியிலேயே நின்று பார்த்தார்.

“விலை ஏறலைன்னா முதலாளி என்னைக் கேட்பார். நான் உங்களைத்தான் காட்டுவேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு தகவலாகத்தான் சொன்னார். “அதனால இனிமே பின்வாங்கிடாதீங்க. ஒழுங்கா சேர்ந்து படிங்க.”

இதற்கிடையே, மேனேஜரிடம் சொன்ன காரணம் விற்பனைப் பிரிவு வழியாக மாடி வீட்டுக்கு ஏறி, அங்கிருந்து லேபிளின் வீட்டுக்கு இறங்கிவிட்டது.

“பிரமோஷன் இல்லையாமே? நாட்டு நடப்புக்குன்னு சொன்னீங்களாம்?” என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

“அது ஆபீசுக்குச் சொன்னது.”

“பிரமோஷன் வீட்டுக்குச் சொன்னது, நாட்டு நடப்பு ஆபீசுக்குச் சொன்னது. அப்போ நிஜம் எது?”

மச்சான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நிஜத்தை அவர் முன்னால் சொல்ல முடியாது. லேபிளின் கண் அறை முழுக்கச் சுற்றி, பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மகள்மேல் வந்து நின்றது. அவள் பள்ளியில் கடைசி வருஷம். பொருளாதாரமும் ஒரு பாடம்.

“நம்ம பொண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான். டியூஷன் வைக்காம நானே…”

“நிஜமாவாப்பா?” மகள் உடனே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “அப்போ இதைச் சொல்லு. இந்தத் தேவைக் கோடு ஏன் இப்படிக் கீழ இறங்குது?”

லேபிள் படத்தை வெகுநேரம் பார்த்தார். இடது பக்கம் உயரத்தில் ஆரம்பித்த ஒரு கோடு வலது பக்கம் சரிந்து கீழே போயிருந்தது. அவருக்குத் தெரிந்தவரை அது வழுக்கி விழுந்த கோடு.

“நீ புத்தகத்தை எப்படிப் பிடிக்கிறேங்கிறதைப் பொறுத்தது” என்றார். “தலைகீழா வச்சா ஏறும்.”

மகள் புத்தகத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்தாள். “தலைகீழா வச்சாலும் இறங்கத்தாம்பா செய்யுது.”

லேபிளும் திருப்பிப் பார்த்தார். உண்மைதான். இது எப்படி என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு தாளில் கோடு போட்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. மச்சானுக்குத்தான் அதில் அதிக சந்தோஷம்.

“கவலையே படாதீங்க அத்தான். உங்களை நான் தயார் பண்றேன். சாயங்கால நடை பத்தாது, காலையிலயும் நடப்போம்.”

ஆக, ஒரு வேளையிலிருந்து தப்பிக்கச் சொன்ன பொய்யால் இரண்டு வேளையாயிற்று. விடிந்ததும் மச்சான் படுக்கையறைக் கதவைத் தட்டினார். பூங்காவில் பக்கத்தில் நடந்துகொண்டே கேள்வி கேட்டார். “நீங்க ஏன் பொருளாதாரத்தைத் தேர்ந்தெடுத்தீங்க?” லேபிள் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவரே பதிலும் சொன்னார். பதில் எப்படித் தொடங்கினாலும் கடைசியில் மோட்டாரில் போய் முடிந்தது.

நேர்முகத் தேர்வு நாளன்று துறை வாசலில் ஏழெட்டுப் பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். பக்கத்திலிருந்த இளைஞன் உதட்டை அசைத்து எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். வறுமை ஒழிப்பு, சமூக முன்னேற்றம் என்ற சொற்கள் லேபிளின் காதில் விழுந்தன. அந்தப் பக்கம் மருத்துவமனைச் சீருடையோடு ஒரு நர்ஸ் இருந்தார். “நீங்க எதுக்கு சார் சேர்றீங்க?” என்று அவர் கேட்டார். “இன்னும் முடிவு பண்ணலம்மா” என்றார் லேபிள்.

உள்ளே துறைத்தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை முடியைக் கொண்டை போட்ட பெண்மணி. இரண்டு பக்கமும் இரண்டு பேராசிரியர்கள். ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இத்தனை வருஷம் கழிச்சுப் பொருளாதாரம் படிக்கணும்னு ஏன் தோணுச்சு?”

“பிரமோஷனுக்கு மேடம்.”

“உங்க கம்பெனியில எம்.ஏ. படிச்சா பிரமோஷன் தருவாங்களா?”

“தர மாட்டாங்க மேடம். எனக்கு மேல ஒரே ஒரு நாற்காலிதான், அதுல ஆள் இருக்கார்.”

“அப்புறம்?”

“நாட்டு நடப்பைப் புரிஞ்சுக்க.”

“நாட்டு நடப்புல எது?”

லேபிளுக்கு நினைவு வந்ததெல்லாம் காப்பர் குழாய்தான். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாததால் அடுத்த காரணத்துக்குத் தாவினார்.

“பொண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க மேடம்.”

“அவ உங்ககிட்ட கேட்டாளா?”

“கேட்டா. ஒரு தடவை கேட்டா. அதுக்கப்புறம் கேட்கல.”

டீ குடித்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். லேபிளிடம் இருந்த காரணங்கள் தீர்ந்துபோயின. மூன்று பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அந்த அறை அமைதியாக இருந்தது. வெகுநாளாக அவர் இப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை.

“என் மச்சான் மேடம்” என்றார் லேபிள்.

பிறகு நிறுத்த முடியவில்லை. ஒரு வாரம் என்று வந்தது, மோட்டார் சத்தம், பலகை, பொய், கையெழுத்து, சைக்கிள் நிறுத்தத்தில் கிடக்கும் மேசை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும், சான்றிதழ்களைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“உட்காருங்க” என்றார் துறைத்தலைவர். “இங்க வேலைக்காக வர்றவங்க உண்டு. அப்பா சொன்னார்னு வர்றவங்க உண்டு. கணக்குக்குப் பயந்து இங்க வந்து மாட்டிக்கிறவங்களும் உண்டு. எல்லாருமே சமூக முன்னேற்றம்னுதான் சொல்லுவாங்க. ஒண்ணு கேட்கிறேன். சாயங்காலம் அவர்கூட நடக்கிறதா, ரெண்டு வருஷம் பரீட்சை எழுதறதான்னா, உங்களுக்குப் பரீட்சை பரவாயில்லையா?”

“பரவாயில்ல மேடம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கணக்கு இருக்கு.”

“இருக்கட்டும் மேடம்.”

துறைத்தலைவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். “மனுஷனுக்கு என்ன வேணும்னு அவன் வாயைக் கேட்காதீங்க, கால் எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்கன்னு நான் வருஷா வருஷம் கிளாஸ்ல சொல்றேன். இன்னிக்குத்தான் கால் நேர்ல வந்திருக்கு. இவரை எடுத்துக்கலாம்.”

வகுப்பு தொடங்கிய அன்று லேபிள் நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். மேசையில் யார் யாரோ பேனாமுனையால் பெயரைக் கீறி வைத்திருந்தார்கள். ஜன்னல் பக்கம் நர்ஸ் உட்கார்ந்திருந்தார். உதடசைத்த இளைஞனும் இருந்தான். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தான்.

துறைத்தலைவரே முதல் வகுப்பை எடுத்தார். ஒன்றை எடுத்துக்கொண்டால் இன்னொன்றை விட வேண்டியிருக்கும். விட்டது எதுவோ அதுதான் எடுத்ததன் உண்மையான விலை என்றார். தான் விட்டது எது என்று லேபிள் யோசித்துப் பார்த்தார். பூங்கா நினைவுக்கு வந்தது. இவ்வளவு மலிவாக உலகத்தில் யாருக்கும் எதுவும் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் பாடம் போகப்போக அவர் அதை மறந்துவிட்டார். கோடு ஏன் இறங்குகிறது என்று துறைத்தலைவர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். இத்தனை நாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் பிடிபடாதது சட்டென்று பிடிபட்டது. லேபிள் யோசிக்காமல் கையைத் தூக்கிவிட்டார்.

“மேடம், விலை ஏறும்னு ஒருத்தர் சொல்றார். அதை நம்பி எல்லாரும் வாங்கிப் போடறாங்க. அப்படி வாங்கினதாலயே விலை ஏறிடுமா? இல்ல, எல்லார்கிட்டயும் நிறைஞ்சு கிடக்கிறதால இறங்குமா?”

துறைத்தலைவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். “நல்ல கேள்வி. பதில் சொல்ல ஒரு வருஷம் ஆகும். சொல்றேன்.”

நல்ல கேள்வி என்று தன்னிடம் கடைசியாக யார் சொன்னது என்று லேபிளுக்கு நினைவில்லை. நோட்டில் அந்தக் கேள்வியை எழுதி, அடியில் கோடு போட்டார். பிரமோஷன், நாடு, மகள், மச்சான் என்று ஊருக்கெல்லாம் காரணம் சொல்லித் திரிந்தவருக்கு, இனி யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ள முதன்முதலாக ஒரு காரணம் இருந்தது.

முதல் நாள் என்பதால் வகுப்பைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். பேருந்து வந்தும் ஏறாமல், அவர் நடந்தே வீட்டுக்கு வந்தார். யாரும் பேசாத நடை நன்றாகவே இருந்தது. ஆனால் பாதி வழியில், இன்று நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. யோசித்தால், இதற்கெல்லாம் காரணமே மச்சான்தான். பாவம், நல்ல மனுஷன். படிவம் வாங்கிவந்து கொடுத்தவரும் அவர்தானே. இன்றைக்கு அவர் கூப்பிட்டால், சாப்பிட்ட பிறகு தெருமுனை வரைக்குமாவது போய்வரலாம் என்று முடிவு செய்துகொண்டார்.

வீட்டுக் கதவு காற்றுக்காகத் திறந்திருந்தது. லேபிள் வாசலில் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். உள்ளே ரொம்ப அமைதியாக இருந்தது. மனைவி டீ ஆற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போன மச்சானின் குரல் கேட்டது.

“நீ சொன்ன மாதிரியே அத்தானைச் சாயங்காலத்துல வீட்டை விட்டுக் கிளப்பியாச்சு அக்கா, இனிமேலாவது நான் என் வீட்டுக்குப் போகலாமா?”